சட்லெஜ் கரையில் ஒரு சுடுகாடு: பகத் சிங் நினைவிடத்துக்குச் செல்லுமுன் படிக்க வேண்டிய ஒரு கட்டுரை

பஞ்சாப் மாநிலத்தின் ஃபிரோஸ்பூர் நகரிலிருந்து பத்துப் பதினொரு கிலோமீட்டர் சென்றால் சட்லெஜ் ஆறும் நாட்டின் எல்லையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. ஹுசைனிவாலா என்பது அவ்விடத்தின் பெயர். அங்கே ஆற்றங்கரையில் தேசியத் தியாகிகள் நினைவிடம் இருக்கிறது. பகத் சிங், சுக்தேவ், ராஜகுரு ஆகிய மூவரின் உடல்களும் எரிக்கப்பட்ட இடம் அது. ஆண்டில் இரண்டு நாள்கள், மார்ச் 23 அன்றும் ஏப்ரல் 13 அன்றும், ஃபிரோஸ்பூரிலிருந்து அதற்கெனவே ரயில் விடப்படுகிறது. முன்பு லாகூர் வரை சென்ற இருப்புப்பாதை இப்போது அங்கேயே முடிந்துவிடுகிறது.

நாங்கள் சென்றது அந்த இரு நாள்களில் ஒன்றில் அல்ல. கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில். மாலையில் எல்லையில் நடக்கும் கொடியிறக்க அணிவகுப்பைப் பார்க்க வந்தவர்களே மிகுதி. நினைவிடத்தில் சிறிது நேரம் நின்று, படம் எடுத்துக்கொண்டு, அவர்கள் எல்லைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். எங்களுடன் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர் வந்திருந்தார். பட்டியல் சாதிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்: "எங்க ஊர்ல சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு மனு கொடுத்துக்கிட்டே இருக்கோம். இங்க சுடுகாட்டுக்கு ரயிலே வருது."

சிரிப்பதற்காகச் சொன்னதில்லை. அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் இக்கட்டுரை தொடங்குகிறது. ஹுசைனிவாலாவை மாவீரர் துயிலும் இடமாக, எல்லையாக, சுற்றுலாத் தலமாகப் பார்ப்பதற்குப் பலர் இருக்கிறார்கள். அது ஒரு சுடுகாடு என்பதை முதலில் நினைவில் கொள்வோம். இந்தியாவில் எந்தச் சுடுகாடும் சாதிக்கு வெளியே இல்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்வோம்.

மறைத்து எரிக்கப்பட்ட மூவர்

1931 மார்ச் 24 காலையில் நிறைவேற்றப்பட வேண்டிய தூக்குத் தண்டனை, முந்தைய நாள் மாலையிலேயே லாகூர் மத்தியச் சிறையில் நிறைவேற்றப்பட்டது. வெளியே மக்கள் திரள்வார்கள் என்ற அச்சத்தால் உடல்களை உறவினரிடம் ஒப்படைக்காமல், இருட்டில் வண்டியில் ஏற்றி, சட்லெஜ் கரைக்குக் கொண்டுவந்து அவசரமாக எரித்தது பிரிட்டிஷ் நிர்வாகம். மறுநாள் உறவினரும் லாகூர் மக்களும் அவ்விடத்தைத் தேடிக் கண்டுபிடித்தனர். பகத் சிங்குக்கு அப்போது வயது 23.

பிரிவினையின்போது அந்த நிலம் பாகிஸ்தான் பக்கம் போயிற்று. 1961இல் சுலைமாங்கி தலைமதகுப் பகுதியிலிருந்த 12 ஊர்களைப் பாகிஸ்தானுக்குக் கொடுத்து இந்தியா அதைத் திரும்பப் பெற்றது. 1965இல் மறைந்த பதுகேஷ்வர் தத்தின் உடல் அவருடைய விருப்பப்படி அங்கேயே எரியூட்டப்பட்டது. 1929இல் தில்லி மத்தியச் சட்டமன்றத்தில் பகத் சிங்குடன் சேர்ந்து குண்டு வீசியவர் அவர். விடுதலைக்குப் பிந்தைய அவருடைய வாழ்க்கை வறுமையிலும் நோயிலும் கழிந்தது என்பதை நினைவிடத்துக்குச் செல்பவர்கள் அறிந்திருப்பது நல்லது. 1968இல் நினைவிடம் எழுப்பப்பட்டது. 1971 போரில் அது பாகிஸ்தான் படையின் கைக்குப் போய்ச் சிதைந்தது. 1973இல் மீண்டும் கட்டப்பட்டது. 1975இல் பகத் சிங்கின் தாய் வித்யாவதியும் அங்கேயே எரியூட்டப்பட்டார்.

ஒரு சுடுகாட்டை மீட்க அரசு 12 ஊர்களைக் கொடுத்தது. இந்தக் கணக்கில் நமக்குக் குறை ஏதுமில்லை, கொடுத்தது சரிதான். ஆனால் அந்த நினைவிடத்தைச் சுற்றியுள்ள பஞ்சாபில் எண்ணற்ற ஊர்களில் ஜாட் சீக்கியருக்கு ஒரு சுடுகாடும் தலித்துகளுக்கு வேறொரு சுடுகாடும் இருக்கின்றன. பல ஊர்களில் குருத்வாராக்களும் அப்படியே பிரிந்து கிடக்கின்றன. சாதியை மறுத்துத் தோன்றிய ஒரு சமயம், சமபந்தி உணவை அன்றாட வழக்கமாக்கிய ஒரு சமயம், பிணம் எரிக்கும் இடத்தில் சாதியிடம் தோற்றிருக்கிறது. 'ஊருக்கு ஒரே சுடுகாடு' என்ற முழக்கம் பஞ்சாபில் இன்றும் எழுப்பப்பட வேண்டியதாக இருக்கிறது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து செல்லும் நாம் இதைச் சொல்லும்போது நம் குரலை உயர்த்த முடியாது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குச் செல்லும் வழி தனியார் நிலங்களால் அடைபட்டதால், தலித் மக்கள் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஓர் உடலைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காணொளி பரவிய பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சட்லெஜும் ஆறு, பாலாறும் ஆறு. எங்களுடன் வந்த மாணவர் சொன்னதன் பொருள் இதுதான்.

இருபது வயதில் எழுதிய கட்டுரை

நினைவிடங்கள் சாவைச் சொல்வதற்காகக் கட்டப்படுபவை. எப்போது பிறந்தார், எப்போது தூக்கிலிடப்பட்டார், எங்கே எரிக்கப்பட்டார் என்பதைக் கல் நன்றாகவே சொல்லும். அவர் என்ன எழுதினார் என்பதற்குக் கல்லில் இடம் போதாது. அதனால் ஹுசைனிவாலாவுக்குச் செல்பவர் தம் கையில் ஒன்றை எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் பரிந்துரைப்பது, தீண்டாமைச் சிக்கல் குறித்து பகத் சிங் 1928 ஜூனில் 'கிர்தி' இதழில் எழுதிய கட்டுரையை.

'கிர்தி' என்றால் உழைப்பாளி. கதர் இயக்கத்தைச் சேர்ந்த சந்தோக் சிங் 1926இல் அமிர்தசரஸில் தொடங்கிய இடதுசாரி இதழ் அது. பின்னர் சோகன் சிங் ஜோஷ் அதன் ஆசிரியரானார். பகத் சிங் அதில் பணியாற்றினார். இக்கட்டுரையில் அவர் தம் பெயரைப் போடவில்லை. 'வித்ரோகி', அதாவது கலகக்காரன், என்ற புனைபெயரில் எழுதினார். சாண்டர்ஸ் கொலைக்கு ஆறு மாதம் முன்பு. சட்டமன்றத்தில் குண்டு வீசுவதற்குப் பத்து மாதம் முன்பு. அப்போது அவருக்கு வயது 20.

அந்தக் காலச் சூழலை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொண்டு படிக்க வேண்டும். 1927 மார்ச்சில் மகாடு சவுதார் குளத்தில் அம்பேத்கரின் தலைமையில் மக்கள் நீர் அள்ளிக் குடித்திருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டிருந்தது. பஞ்சாபிலேயே 1926 ஜூனில் ஹோஷியார்பூர் மாவட்டத்தின் முகோவால் ஊரில் மங்கூ ராம் 'ஆதி தர்ம' இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். அமெரிக்காவுக்குப் பிழைக்கச் சென்று, அங்கே கதர் இயக்கத்தில் சேர்ந்து, நாடு திரும்பியவர் மங்கூ ராம். நாங்கள் இந்துக்களும் அல்லர், சீக்கியரும் அல்லர், முஸ்லிம்களும் அல்லர். இந்த மண்ணின் தொன்மக்கள், எங்கள் சமயம் வேறு என்று அவ்வியக்கம் அறிவித்தது. ஐந்தே ஆண்டுகளில், 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களை ஆதி தர்மியர் எனப் பதிந்தனர். எண்ணிக்கைக்கு ஏற்பச் சட்டமன்ற இடங்கள் கிடைக்கும் என்பதால், மூன்று சமயத்தாரும் தலித்துகளைத் தம் பக்கம் இழுக்கப் போட்டியிட்ட காலம் அது. கிணற்றில் நீர் எடுக்க விடாதவர்கள் கணக்கெடுப்பில் மட்டும் சேர்த்துக்கொள்ள விரும்பினார்கள்.

பகத் சிங் இந்தப் போட்டியை மறைக்காமல் பேசுகிறார். முப்பது கோடி மக்கள் வாழும் நாட்டில் ஆறு கோடிப் பேரைத் தொட்டால் தீட்டு, அவர்கள் கோயிலுக்குள் வந்தால் கடவுளுக்குக் கோபம், அவர்கள் நீர் இறைத்தால் கிணறு கெட்டுவிடும் என்று நம்புகிறவர்கள், வெள்ளையரிடம் சம உரிமை கேட்பதில் என்ன நியாயம் என்பது அவருடைய முதல் கேள்வி. இதே கேள்வியைப் பம்பாய்ச் சட்டமன்றத்தில் சிந்துவைச் சேர்ந்த முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் 1926இல் எழுப்பியிருந்தார். கேட்டவரின் மதத்தைக் காட்டிக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது என்கிறார் பகத் சிங். சாதி இந்துக்கள் மனிதராக நடத்தாவிட்டால், மனிதராக நடத்தும் மதத்துக்கு அவர்கள் போவது இயல்பு. அதைப் பார்த்துப் பதறுவதில் பொருளில்லை என்றும் எழுதுகிறார். மதமாற்றத் தடைச் சட்டங்கள் பல மாநிலங்களில் நடைமுறையில் இருக்கும் இந்நாளில் அந்தப் பகுதியைப் பாடத்தில் வைக்க எந்த அரசு துணியும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடுகிறோம்.

சீர்திருத்தவாதிகளையும் அவர் விடவில்லை. தீண்டாதாரின் அன்பர் எனப் பெயர் வாங்கிய மதன்மோகன் மாளவியா, துப்புரவுத் தொழிலாளி ஒருவர் கையால் மாலை வாங்கிக்கொண்டு, பிறகு உடுத்திய துணியோடு குளித்துத் தீட்டுக் கழித்துக்கொள்வதைப் பெயர் சொல்லியே எள்ளுகிறார். தேசிய இயக்கத்தின் மிகப் பெரிய தலைவர்களில் ஒருவரைப் பற்றி இருபது வயது இளைஞர் ஒருவர் இப்படி எழுதியது 1928இல்.

கட்டுரையின் உயிர்நிலை அதற்குப் பின் வருகிறது. தீண்டாதார் தாமே அமைப்பாகத் திரள வேண்டும், தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும், தமக்கான உரிமைகளைத் தனியே கேட்க வேண்டும் என்கிறார். பிறர் வந்து தூக்கிவிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள் என்பதே அவர் அறிவுரை. நாட்டின் உண்மையான பாட்டாளிகள் நீங்களே, நீங்கள் எழுந்தால்தான் புரட்சி என்கிறார். குரு கோவிந்த் சிங்கின் படையிலும் சிவாஜியின் படையிலும் ஒடுக்கப்பட்டவர்களின் பங்கு என்ன என்பதை நினைவூட்டுகிறார். முதலில் சமூகத்தில் கிளர்ச்சி, அதைத் தொடர்ந்து அரசியல், பொருளாதாரப் புரட்சி என்று வரிசையும் வகுக்கிறார். வர்க்கப் போராட்டம் முடிந்ததும் சாதி தானே உதிரும் என்று பிற்காலத்தில் பலர் கூறிய வாய்பாட்டுக்கு இது நேர் எதிரானது. 1928இல் ஒரு மார்க்சிய ஆர்வலர் சமூகக் கிளர்ச்சியை முன்னால் வைத்தார் என்பதை இடதுசாரி மாணவர் அமைப்புகளில் இருக்கும் தோழர்கள் சற்று நின்று படிக்க வேண்டும்.

அக்கட்டுரை நீண்ட காலம் பழைய 'கிர்தி' இதழ்களுக்குள்ளேயே கிடந்தது. ஜக்மோகன் சிங்கும் சமன் லாலும் தொகுத்து 1986இல் இந்தியில் வெளிவந்த ஆவணத் தொகுப்பு போன்ற முயற்சிகளுக்குப் பிறகே பகத் சிங்கின் எழுத்துகள் பரவலான கைகளுக்கு வந்தன. துப்பாக்கி ஏந்திய பகத் சிங்கை அதற்குள் நாட்காட்டிப் படங்களும் திரைப்படங்களும் நிலைநிறுத்திவிட்டிருந்தன.

நாம் உடன்படாத இடம்

இக்கட்டுரையைக் காட்டிப் பகத் சிங்கைத் தலித் தலைவராக்க நாம் முனையவில்லை. அவர் நிலவுடைமைச் சாதியான ஜாட் சமூகத்தில் பிறந்தவர். அவருடைய சிறிய தகப்பனார் அஜித் சிங் 1907இல் முன்னின்று நடத்திய விவசாயிகள் கிளர்ச்சி, நிலம் வைத்திருந்தோரின் கிளர்ச்சி. நிலமற்றோருக்கு அதில் இடம் குறைவு. 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம், 'விவசாயச் சாதிகள்' என அட்டவணைப்படுத்தப்பட்டோரின் நிலத்தைப் பிறர் வாங்கத் தடை விதித்தது. வட்டிக்கடைக்காரரிடமிருந்து உழவரைக் காப்பது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனால் தலைமுறை தலைமுறையாக வயலில் உழைத்த தலித்துகள் அந்த அட்டவணையில் இல்லை. உழுதவர்கள் சட்டத்தின் கண்ணில் உழவர்களாக இல்லாமற் போனார்கள். பணம் சேர்த்தாலும் நிலம் வாங்க முடியாதவர்களானார்கள். இந்தச் சட்டத்தைத் தீண்டாமையின் பொருளாதார வேராகக் கட்டுரை எடுத்துக்கொண்டு பேசவில்லை. இளைஞரின் சீற்றத்தில் அது விடுபட்டது என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் ஜாட் குடும்பத்துப் பிள்ளையின் கண்ணில் படாமல் போவதற்கு மிகவும் வாய்ப்பான இடமும் அதுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. அதிகார வர்க்கத்தின் வலையில் விழாதீர்கள், அவர்கள் உங்களுக்கு உதவ வரவில்லை என்று தீண்டாதாரை அவர் எச்சரிக்கிறார். அவ்வளவில் அது சரி. ஆனால் மங்கூ ராமும் அம்பேத்கரும் பிரிட்டிஷ் அரசிடம் கோரிக்கை வைத்தது வெள்ளையரின் மீதுள்ள காதலால் அல்ல. ஊர்ச் சபையும் கோயிலும் பள்ளியும் காங்கிரசும் அடைத்த கதவுகளுக்கு நடுவே, தட்டினால் திறக்கக்கூடியதாக இருந்த கதவு அது ஒன்றுதான். 1932இல் தனித் தொகுதி கிடைத்தபோது என்ன நடந்தது, பூனா ஒப்பந்தத்தில் அது எப்படிப் பறிபோனது என்பதைப் பார்க்கப் பகத் சிங் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அந்த எச்சரிக்கையை அவர் வேறு வகையில் எழுதியிருப்பாரா என்பது பதில் சொல்ல முடியாத கேள்வி. தனிப் பிரதிநிதித்துவத்தை 1928இலேயே ஆதரித்தவர் என்ற அளவில் அவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதில் எங்களுக்கு ஓரளவு நம்பிக்கை உண்டு.

நினைவிடத்துக்குச் செல்பவர்களிடம் வழிகாட்டிகளும் பேச்சாளர்களும் விரும்பிச் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. லாகூர்ச் சிறையில் பகத் சிங்கின் அறையில் மலம் அள்ளிய துப்புரவுத் தொழிலாளியை அவர் 'பேபே' என்று, அதாவது அம்மா என்று, அழைத்தார். சிறு வயதில் என் கழிவை அள்ளியவள் தாய், இப்போது அள்ளுபவர் இவர் என்று விளக்கம் சொன்னார். தூக்குக்கு முன் 'பேபே' கையால் ரொட்டி உண்ண வேண்டும் என்று கேட்டபோது, சிறை அதிகாரி அவர் பெற்ற தாயைக் கேட்கிறார் என்று எண்ணினாராம். அவர் கேட்டதோ அந்தத் தொழிலாளியை. பகத் சிங் வரலாறுகளில் தொடர்ந்து சொல்லப்படும் நிகழ்ச்சி இது.

கண் கலங்க வைக்கும் கதைதான். தொட்டால் தீட்டு என்றவர்கள் நடுவே, அந்தக் கையால் உண்பேன் என்றவரின் செயலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் மேடைகளில் இக்கதை சொல்லப்படும் விதத்தில் எங்களுக்கு ஐயம் உண்டு. தாய் பிள்ளைக்குச் செய்வதைத் துப்புரவுத் தொழிலாளி சமூகத்துக்குச் செய்கிறார் என்று காந்தி 1936இல் எழுதினார். மலம் அள்ளுவதைத் தொண்டாக்கிப் புகழும் இந்தப் போக்கை, அத்தொழிலில் மனிதரைக் கட்டிப்போடும் தந்திரம் என்று அம்பேத்கர் 1945இல் வெளியான தம் நூலில் கடுமையாக மறுத்தார். தாய் அள்ளுவது தன் குழந்தையினுடையதை. சில மாதங்கள், சில ஆண்டுகள். சாதி அள்ள வைப்பது ஊராருடையதை, பரம்பரை பரம்பரையாக. பகத் சிங் ஒரு மனிதரைப் பார்த்துச் சொன்ன சொல்லை ஒரு தொழிலின் பெருமையாக மாற்றுவோர், அவர் எழுதிய கட்டுரையைத் தொடுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மலம் அள்ளும் பணியில் மனிதரை அமர்த்தத் தடைவிதிக்கும் சட்டம் 2013இல் வந்த பிறகும் கழிவுநீர்த் தொட்டிகளில் சாவுகள் நிற்கவில்லை. அந்தச் சாவுகளுக்கு ஆற்றங்கரை நினைவிடம் எதுவும் இல்லை.

இரண்டு படங்கள்

2022 மார்ச்சில் பஞ்சாபில் பொறுப்பேற்ற அரசு, அரசு அலுவலகங்களில் முதலமைச்சர் படத்துக்கு மாற்றாகப் பகத் சிங், அம்பேத்கர் ஆகிய இருவர் படங்களும் இடம்பெறும் என்று அறிவித்தது. பதவியேற்பு விழாவும் பகத் சிங்கின் பூர்வீக ஊரான கட்கர் கலானில் நடந்தது. இருவரும் ஒரே சுவரில் இருப்பது நமக்கு மகிழ்ச்சியே. (பகத் சிங்குக்கு மஞ்சள் தலைப்பாகை கட்டி வரையப்படும் படத்துக்கு ஆதாரமான நிழற்படம் எதுவும் இல்லை என்று ஆய்வாளர்கள் சொல்லிச் சலித்துவிட்டார்கள், அது வேறு கதை.) இந்த இரண்டு படங்களும் உயிரோடு இருந்தபோது ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது எப்படி என்பதுதான் சுவையானது.

மூவரும் தூக்கிலிடப்பட்ட மூன்று வாரங்களில், 1931 ஏப்ரல் 13 அன்று, அம்பேத்கரின் 'ஜனதா' இதழ் மூன்று பலிகள் என்ற தலைப்பில் தலையங்கம் வெளியிட்டது. நீதிக்காக அல்ல, இங்கிலாந்தின் உள்நாட்டு அரசியலில் பழமைவாதிகளின் வாயை அடைப்பதற்காக இந்த உயிர்கள் பலியிடப்பட்டன என்பது அதன் வாதம். அதற்கு முன்பே, மார்ச் 29 அன்று, ஈரோட்டிலிருந்து வெளிவந்த 'குடி அரசு' இதழில் பெரியார் பகத் சிங்கைப் பற்றித் தலையங்கம் எழுதிவிட்டார். தீண்டாமையை ஒழிக்க மேல்சாதி கீழ்சாதித் தத்துவத்தை ஒழிக்க வேண்டும், அதுபோலவே வறுமையை ஒழிக்க முதலாளி தொழிலாளித் தத்துவத்தை ஒழிக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே மூச்சில் அதில் இணைத்தார். பகத் சிங்கின் கொள்கை இதுவே என்றும் சொன்னார். பஞ்சாபி இதழில் புனைபெயரில் வெளிவந்த கட்டுரையைப் பற்றி அத்தலையங்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் அதன் சாரத்தைப் பெரியார் சரியாகவே பிடித்திருந்தார்.

தமிழர்களுக்குப் பகத் சிங்கின் வேறொரு கட்டுரை முன்பே அறிமுகம். 1930 அக்டோபரில் சிறையிலிருந்து அவர் எழுதிய நாத்திகக் கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழில் பெயர்த்தார். 1930களின் நடுவில் அது நூலாக வந்தபோது ஜீவாவும் வெளியிட்ட ஈ.வெ. கிருஷ்ணசாமியும் கைது செய்யப்பட்டனர். கடவுள் மறுப்பாளர் பகத் சிங் தமிழ்நாட்டில் தொண்ணூறு ஆண்டுகளாக வாழ்கிறார். தீண்டாமை பற்றி எழுதிய பகத் சிங்குக்கு அந்த அளவு வாசகர்கள் இன்னும் சேரவில்லை.

சுவருக்கு வெளியே

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களில் 31.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். நாட்டின் மாநிலங்களில் இதுவே மிக உயர்ந்த விகிதம். அவர் எரிக்கப்பட்ட ஃபிரோஸ்பூர் மாவட்டத்திலும், அவர் பெயரைத் தாங்கிய ஷஹீத் பகத் சிங் நகர் மாவட்டத்திலும் அது 40 விழுக்காட்டுக்கும் மேல். ஆனால் மாநிலத்தின் வேளாண் நிலத்தில் அவர்கள் கையில் இருப்பது 4 விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு காட்டுகிறது. 1900ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. அது உண்டாக்கிய பள்ளம் அப்படியே இருக்கிறது.

ஊராட்சிகளுக்குச் சொந்தமான சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்கே குத்தகைக்கு விட வேண்டும் என்று பஞ்சாபின் ஊர்ப் பொதுநில விதிகள் சொல்கின்றன. நடைமுறையில், நில உடைமையாளர் தம்மிடம் வேலை செய்யும் தலித் ஒருவர் பெயரில் ஏலம் எடுத்துத் தாமே பயிரிடுவது வழக்கமாயிற்று. இந்தப் பினாமி ஏலத்தை எதிர்த்து, நிலத்தைக் கூட்டாகக் குத்தகை எடுத்துக் கூட்டாகப் பயிரிடும் போராட்டத்தைச் சங்ரூர் பகுதியில் 2014 முதல் நிலம் பெறும் போராட்டக் குழு நடத்தி வருகிறது. முன்னணியில் நிற்பவர்களில் பெண்கள் மிகுதி. தீவனப் புல்லுக்காக வரப்பில் இறங்கி வசை கேட்ட அனுபவம் அவர்களுக்குத்தான் அதிகம். கையளவு பொது நிலம் கிடைத்தாலும் மாட்டுக்குப் புல் தம் நிலத்திலேயே அறுக்கலாம் என்பது அவர்களுக்கு வெறும் பொருளாதாரக் கணக்கு அல்ல. 2016 அக்டோபரில் சங்ரூர் மாவட்டத்தின் ஜலூர் ஊரில் தலித் வீடுகள் தாக்கப்பட்டன. காயமுற்ற மூதாட்டி ஒருவர் பின்னர் இறந்துபோனார். 2025 மே மாதம், பழைய ஜிந்த் அரச குடும்பத்துக்குரிய நிலத்தைப் பங்கிடக் கோரி, ரவிதாசர் கனவு கண்ட துயரற்ற நகரின் பெயரை அதற்குச் சூட்டி, அங்கே நுழையச் சென்ற நூற்றுக்கணக்கானோரைக் காவல் துறை பிடித்துச் சென்றது. இருவர் படங்களும் அரசு அலுவலகச் சுவர்களுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிறர் உங்களுக்காக எதையும் செய்ய மாட்டார்கள், நீங்களே திரளுங்கள் என்று 1928இல் எழுதப்பட்டதைச் சங்ரூரின் பெண்கள் படித்துவிட்டுச் செய்தார்களா என்பது முக்கியமல்ல. அந்தக் கட்டுரை யாரிடம் பேசியதோ அவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். பேச்சுப் போட்டிகளுக்காகப் பகத் சிங்கை மனப்பாடம் செய்யும் மாணவர்கள் ஹுசைனிவாலாவுக்குச் செல்லும் பயணத்தில் சங்ரூரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஃபிரோஸ்பூரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவுதான்.

எங்களுடன் வந்த மாணவர் அன்று ஆற்றங்கரையில் கைப்பேசியில் அக்கட்டுரையின் ஆங்கில வடிவத்தைத் தேடி எடுத்து, உட்கார்ந்து படித்தார். எல்லைப் பக்கம் அணிவகுப்பின் முழக்கங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. இந்தியிலும் ஆங்கிலத்திலும் அது எளிதாகக் கிடைக்கிறது. சில பக்கங்களே உள்ள கட்டுரை. மார்ச் 23 அன்று ஃபிரோஸ்பூரில் ரயில் ஏறுபவர் ஹுசைனிவாலாவில் இறங்குவதற்குள் படித்து முடித்துவிடலாம்.